வண்டிக்குத் தெரிந்த சாவிகள்

பழைய கார் வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறந்து பார்க்கிறார். டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம் என்று தடவிப் பார்க்கிறார். ஆயில் ஸ்டிக்கை உருவி நிறம் பார்க்கிறார், கதவோரங்களில் மறுபடி பெயின்ட் அடித்த தடம் தேடுகிறார். கூட்டிவந்த மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "இன்ஜின் சுத்தமா இருக்கு, எடுக்கலாம் சார்" என்கிறார். விலை படிந்து, அட்வான்ஸ் கைமாறி, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு சாவி வந்து சேர்கிறது. இன்னொரு சாவி எங்கே என்று கேட்டால், "ஓனர் வீட்டுல இருக்கு சார், அப்புறம் வாங்கித் தர்றேன்" என்பார் புரோக்கர். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை.

இன்றைய கார் சாவி, பூட்டைத் திருகும் இரும்புத் துண்டு என்ற நிலையைத் தாண்டி இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டிக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தெந்தச் சாவி தன்னை ஓட்டலாம் என்று அது எழுதி வைத்திருக்கிறது. நம் கையில் எத்தனை சாவி இருக்கிறது என்று எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. வண்டிக்கு எத்தனை சாவி தெரியும் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது, சாவி கடந்து வந்த வழியைப் பார்த்தால் விளங்கும்.

இரும்பு மட்டும் இருந்த காலம்

ஆரம்பகால மோட்டார் வண்டிகளுக்கு இன்ஜினை உயிர்ப்பிக்கச் சாவி தேவைப்படவில்லை. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்ற வலுவான கை வேண்டும், அவ்வளவுதான். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்த பிறகு, கம்பி சுற்றும் வேலை மெல்ல ஒழிந்தது. அப்போதும் சாவியின் பங்கு, பற்றவைக்கும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது மட்டுமே. இன்ஜினைச் சுழற்றத் தனிப் பொத்தானோ கால் மிதியோ இருந்தது. ஒரே சாவியைத் திருகினால் மின்சாரமும் வந்து இன்ஜினும் சுழலும் ஏற்பாட்டை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. நாம் பழகிய அந்தத் திருகல் அங்கிருந்து வந்ததுதான்.

அந்தச் சாவிக்குத் தெரிந்த ரகசியம் ஒன்றே ஒன்று, அதன் விளிம்பில் வெட்டப்பட்ட பற்கள். பற்களைப் பார்த்தவர் யாரும் நகல் எடுக்கலாம். தெருமுனையில் அரத்தோடு உட்கார்ந்திருக்கும் பூட்டு ரிப்பேர்க்காரர் பத்து நிமிடத்தில் இன்னொன்று ராவித் தந்துவிடுவார். தேய்ந்துபோன ஒரு அம்பாசடர் சாவி இன்னொரு அம்பாசடரின் கதவைத் திறந்துவிடுவதுண்டு என்பது பழைய டிரைவர்கள் எல்லாரும் சொல்லும் அனுபவம். சாவியே இல்லாவிட்டாலும், டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு ஒயரை இழுத்து முறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். அதைத் தடுக்கவே, சாவியை எடுத்ததும் ஸ்டீயரிங்கையோ வண்டியின் நகர்வையோ பூட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1970 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது. பலசாலி ஒருவர் ஓங்கித் திருப்பினால் உடையும் பூட்டுதான் அதுவும்.

சாவியின் தலைக்குள் ஒரு சிப்

திருப்பம் 1986 மாடல் கார்வெட்டில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தச் சாவியின் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. சாவி பொருந்தினால் மட்டும் போதாது, மின்தடையின் அளவும் பொருந்தினால்தான் இன்ஜின் கிளம்பும். ஆனால் அளவுகள் மொத்தம் பதினைந்தே. பதினைந்து மாதிரிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருபவருக்கு அது பெரிய தடையாக இல்லை.

அடுத்து வந்தது டிரான்ஸ்பாண்டர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிப். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலை அதில் எழும்பி, சிப்புக்கு உயிர் கொடுக்கிறது. தொடக்கத்தில் சிப் தன் எண்ணைச் சொன்னாலே போதும் என்றிருந்தது. பிறகு, வண்டி ஒவ்வொரு முறையும் புதிய கேள்வி கேட்டு, சிப் தன் ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டு விடை சொல்லும் முறை வந்தது. விடை தவறினால் எரிபொருள் பாயாது, அல்லது ஸ்டார்ட்டர் சுழலாது. இதுதான் இம்மொபிலைசர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்தின் திருட்டுக் கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், இதனால் கார்த் திருட்டு பெருமளவு குறைந்ததைக் காட்டினார்கள். திருடர்கள் பழைய கார்கள் பக்கம் திரும்பியதைக் கழித்துப் பார்த்தும் அது குறைவாகவே இருந்தது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 2015 மாடல் கார்களில், மற்ற நிறுவனங்கள் 96 சதவீத வாகன வகைகளில் இம்மொபிலைசரை இயல்பாகவே கொடுத்தன. ஹூண்டாய், கியா இரண்டும் கொடுத்தது 26 சதவீதத்தில்தான். 2021, 2022இல் அந்த வண்டிகளை யு.எஸ்.பி. முனையால் திருகிக் கிளப்பும் வீடியோக்கள் பரவி, நகரம் நகரமாகத் திருட்டு பெருகியது. பக்கத்து நாடான கனடாவில் 2007 முதலே இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால், அதே பெயர்கொண்ட வண்டிகள் அங்கே அப்படித் தூக்கப்படவில்லை. நம் ஊரிலும் விலை குறைந்த வேரியன்ட்களில் இது இல்லாமல் வந்த காலம் உண்டு. அதனால் பழைய கார் வாங்குபவரின் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்த வேரியன்டில் இம்மொபிலைசர் இருக்கிறதா?

இருந்தாலும் அது எந்த வயதுடையது என்பது அடுத்த கேள்வி. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகமும் சேர்ந்த ஒரு குழு, ஃபோர்டு கார்களில் இருந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பின் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்தது. 40 பிட் எண் அது, ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். பதினாறு கணிப்புச் சில்லுகளை ஒன்றாக ஓடவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். 2012இல் ஹிடாக்2 என்ற இன்னொரு சிப்பின் ரகசியமும் உடைந்தது. மெகமோஸ் என்ற சிப்பின் பலவீனத்தைச் சொல்லும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட விடாமல் 2013இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 2015இல்தான் அது வெளிவந்தது. கார் எந்த ஆண்டு பிறந்ததோ அந்த ஆண்டின் பூட்டோடுதான் அது கைமாறிக்கொண்டே போகிறது. பத்து வயதுக் காரை வாங்குபவர், பத்து ஆண்டுக்கு முந்தைய பூட்டையும் சேர்த்தே வாங்குகிறார்.

மறைமலைநகரில் அறிமுகம்

சாவியும் வண்டியும் முதன்முதலாகச் சந்திப்பது தொழிற்சாலையின் கடைசி நிறுத்தத்தில். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை எடுத்துக்கொள்வோம். ஐகானும் ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் அங்கே பிறந்தவை. 2022இல் அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டாலும், அந்த வண்டிகள் நம் செகண்ட் ஹாண்ட் சந்தையில் இன்னும் சுற்றுகின்றன. ஃபோர்டின் இம்மொபிலைசர் உள்ள பல மாடல்களில் ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. வண்டிக்குத் தெரிந்த இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் திருகிவிட்டு, உடனே மூன்றாவதைப் போட்டால், அதையும் வண்டி ஏற்றுக்கொள்ளும். இப்படி எட்டுச் சாவி வரை சேர்க்கலாம். ஆனால் ஒரு சாவிதான் இருக்கிறது என்றால், இன்னொன்றை நாமாகச் சேர்க்க முடியாது. கம்ப்யூட்டரோடு ஒருவர் வர வேண்டும். இரண்டாவது சாவி தொலையும்போது, புதுச் சாவியை நாமே சேர்த்துக்கொள்ளும் உரிமையும் கையைவிட்டுப் போகிறது.

வேறு நிறுவனங்கள் வேறு வழி எடுத்தன. 1990களின் நடுவில் ஃபியட் தன் கார்களோடு இரண்டு சாதாரணச் சாவிகளையும் சிவப்புத் தலை கொண்ட ஒரு மூலச் சாவியையும் தந்தது. புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்தச் சிவப்புச் சாவியால் மட்டுமே முடியும். அதைத் தொலைத்தவர்கள் இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் பழைய ஃபியட், ஆல்ஃபா ரோமியோ வாங்குபவர்கள் சிவப்புச் சாவி உண்டா என்று கேட்டுவிட்டே விலை பேசினார்கள். டொயோட்டா பல மாடல்களில் கறுப்புத் தலை மூலச் சாவியும் சாம்பல் நிற வேலட் சாவியும் தந்தது. வேலட் சாவி வண்டியை ஓட்டும், புதுச் சாவியைச் சேர்க்காது. பழைய கார் வாங்கும்போது கைக்கு வருவது இதில் எது என்று பார்க்காமல் வாங்கினால், வேலைக்காரச் சாவியோடு வீடு திரும்ப நேரும்.

சாவியோடு ஒரு சிறு தகடும் வரும், அதில் எண் பொறித்திருக்கும். பற்களின் வெட்டு அந்த எண்ணில் இருக்கிறது. சாவியே இல்லாவிட்டாலும் அதை வைத்துப் புதிதாக வெட்டலாம். அதனால்தான் தகட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு அலையக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது.

பிரிவும் கைமாற்றமும்

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சாவிகளின் வாழ்க்கையும் பிரிந்துவிடுகிறது. ஒன்று வாசல் ஆணியிலும் சட்டைப்பையிலும் உழைத்துத் தேய்கிறது. மற்றது பீரோ லாக்கருக்குள் புதுசாகவே கிடக்கிறது. உழைக்கும் சாவி எத்தனை கைகளுக்குப் போகிறது! டிரைவர், வாட்டர் வாஷ் பையன், சர்வீஸ் சென்டர், கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துபவர், ஒரு வாரம் இரவல் வாங்கிய மச்சான். இவர்களில் யாரும் தவறானவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வண்டியை வாங்கப்போகும் உங்களுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. தொலைந்த சாவியும் அப்படியே. யாரோ ஒருவர் கையில் கிடைத்த சாவியை வண்டி இன்னும் ஞாபகத்தில் வைத்திருக்கிறது. அழிக்கச் சொல்லும்வரை அது மறக்காது.

சிலர் ரிமோட் பொத்தான் வேலை செய்யவில்லை என்றதும் சாவி செத்துவிட்டது என்று ஓரம் கட்டுகிறார்கள். கதவைத் திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி வேண்டும். வண்டியைக் கிளப்பும் சிப்புக்குப் பேட்டரி இல்லை. பொத்தான் ஓய்ந்த சாவியும் இன்ஜினுக்கு உயிருள்ள சாவிதான். விற்பவர் 'அது வேலை செய்யாது' என்று தரும் சாவியை மறுக்காமல் வாங்குங்கள். அதையும் போட்டுப் பாருங்கள்.

பிறகு, வெளியில் பொருத்தும் அலாரத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சென்னையில் கார் அலங்காரப் பொருள் வாங்குகிறவர்கள் போகும் இடம். சென்ட்ரல் லாக் இல்லாத வண்டிக்கு லாக், அதோடு சைரன், அதிர்வுணரி, புது ரிமோட் எல்லாம் பொருத்தித் தரும் கடைகள் அங்கே வரிசையாக உள்ளன. நல்ல கைவேலைக்காரர் ஒயரை இணைத்துச் சுற்றி ஒட்டிக் கொடுப்பார். அவசரக்காரர் வெட்டி முறுக்கி விட்டுவிடுவார். அந்த முறுக்கு மழைக்காலத்தில் ஈரம் பிடித்தால், நடு ரோட்டில் வண்டி கிளம்ப மறுக்கும். வெளியில் பொருத்திய அலாரங்கள் பலவற்றில், ரிமோட் தொலைந்தால் அலாரத்தை ஓயவைக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மறைவுப் பொத்தான் வைத்திருப்பார்கள். அது எங்கே என்று முதல் ஓனருக்குத் தெரியும். அவரிடம் கேட்காமல் வாங்கினால் நள்ளிரவில் தெருவையே எழுப்ப வேண்டிவரும்.

வண்டி பிரிக்கப்பட்டால் அதன் பாகங்கள் புதுப்பேட்டைக்குப் போகின்றன. அங்கே பழைய இன்ஜின் கம்ப்யூட்டர் வாங்கும் மெக்கானிக், விவரம் தெரிந்தவராக இருந்தால், அதே வண்டியின் இம்மொபிலைசரும் சாவியும் சேர்ந்த செட்டாகக் கேட்பார். மூன்றும் ஒன்றையொன்று தெரிந்தவை. ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் மற்ற வண்டியில் அது அந்நியம். இப்படி மாற்றப்பட்ட வண்டிகளில் கதவுக்கு ஒரு சாவியும் கிளப்ப இன்னொரு சாவியும் இருக்கும். அதைப் பார்த்தால் ஏன் என்று கேட்க வேண்டும். நேர்மையான பதில் இருக்கலாம், பில்லும் இருக்கலாம். பதிலும் பில்லும் இரண்டும் இல்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

யார்டில் செய்ய வேண்டியது

முதலில் கண்ணால் பாருங்கள். இரண்டு சாவியையும் சேர்த்துப் பிடித்து, வெட்டு ஒன்றா, தேய்மானம் எப்படி, கம்பெனி முத்திரை உண்டா என்று கவனியுங்கள். தேயாத சாவி தவறல்ல, அது பீரோவில் இருந்ததாக இருக்கலாம். இரண்டுமே புதுசாக, முத்திரை இல்லாமல் இருந்தால்தான் கேள்வி. ஸ்டீயரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியில் கீறல், திருகாணியில் சிதைவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிரைவர் கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாம் ஒரே சாவிக்குத் திறக்கின்றனவா என்று திருகியே பாருங்கள், ரிமோட்டை நம்பாதீர்கள்.

அடுத்து ஒவ்வொரு சாவியாகக் கிளப்புங்கள். சாவி திரும்புவது வேறு, இன்ஜின் ஓடுவது வேறு. சிப் இல்லாத நகல் சாவி கதவைத் திறக்கும், துவாரத்தில் திரும்பவும் செய்யும்; இன்ஜின் ஒன்றிரண்டு நொடி ஓடி அணையும், அல்லது சுழலவே சுழலாது. அதனால் அரை நிமிடமாவது ஓடவிடுங்கள். மற்ற சாவியை அதே கொத்தில் வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள், அருகிலுள்ள சிப்பை வண்டி படித்துவிடலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் இது இன்னும் முக்கியம். இரண்டாவது சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்து இருபதடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செத்த சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பையிலிருக்கும் சாவியால் வண்டி கிளம்பியதை நல்ல சாவி என்று நம்பிவிடுவீர்கள்.

டேஷ்போர்டில் பூட்டு அல்லது சாவி வடிவ விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆன் செய்ததும் அது சில நொடி எரிந்து அணையும். மின்னிக்கொண்டே இருந்தால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை. அடுத்தது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் செய்யத் தக்கது. சமையலறை அலுமினியத் தாளைச் சாவியின் தலையில் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டுத் திருகுங்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டி ஓடக் கூடாது. ஓடினால், யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள், அல்லது ஒரு சிப்பை ஸ்டீயரிங் கூட்டுக்குள்ளேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். எந்த இரும்புத் துண்டாலும் கிளம்பும் வண்டி அது.

அலாரத்துக்கு ஒரு சோதனை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, ரிமோட்டால் பூட்டுங்கள். ஒரு நிமிடம் காத்திருந்து, கையை உள்ளே விட்டு உள்கைப்பிடியால் கதவைத் திறங்கள். சைரன் அலற வேண்டும். அணைத்துவிட்டு மறுபடி பூட்டி, இம்முறை பானெட் கொக்கியை இழுத்துத் தூக்கிப் பாருங்கள். பானெட் சுவிட்சில் துருவும் தூசும் சேர்ந்து அலாரம் மௌனமாகியிருப்பது அடிக்கடி நடப்பது. அங்கே அலறாத வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றுவது எளிது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசிப் படி சர்வீஸ் சென்டரில்தான். ஸ்கேனரைச் செருகினால் பல வண்டிகள் தங்களுக்கு எத்தனை சாவி தெரியும் என்று சொல்லிவிடும். கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் மூன்றாவது எங்கோ இருக்கிறது. எல்லாச் சாவியையும் அழித்துவிட்டு, கையிலுள்ளவற்றை மட்டும் மறுபடி அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். அதன்பின் அந்தத் தொலைந்த சாவியால் இன்ஜினைக் கிளப்ப முடியாது. கதவை மட்டும் திறக்கும். அதுவும் வேண்டாம் என்றால் லாக் செட்டை மாற்ற வேண்டும்.

உருவமில்லாத சாவி

தொடாமல் பூட்டும் வசதி 1982இல் ரெனோ ஃபுவேகோவோடு வந்தது. 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் சாவியைச் சட்டைப்பையிலேயே இருக்கவிட்டது. வசதி கூடக்கூட தூரம் என்ற பாதுகாப்பு போனது. 2011இல் சூரிக் ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை எடுத்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை வாசலில் நிற்கும் காருக்குக் கடத்தித் திறந்து காட்டினார்கள். அதன் பிறகு சில திருடர்கள் சாவியையே விட்டுவிட்டார்கள். 2022இல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4, ஹெட்லைட் ஒயர் வழியாக வண்டியின் உள் வலையமைப்புக்குள் பொய்ச் செய்தி அனுப்பித் தூக்கப்பட்டது. முன் பம்பர் கிளிப்புகள் உடைந்து ஹெட்லைட் ஒயர் கலைந்திருந்தால், அது மோதலின் தடயமா வேறு ஏதாவதா என்று கேட்பதில் தவறில்லை.

இப்போது போனே சாவி. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019இல் புளூலிங்க் என்ற போன் செயலியோடு வந்தது முதல், நம் சந்தையில் இத்தகைய வண்டிகள் பெருகிவிட்டன. அவை ஒவ்வொன்றாகச் செகண்ட் ஹாண்டுக்கு வருகின்றன. 2017இல் ஐ.பி.எம்.மின் பாதுகாப்பு நிபுணர் சார்லஸ் ஹெண்டர்சன், தான் எப்போதோ விற்றுவிட்ட காரைத் தன் போன் செயலி இன்னும் காட்டுவதையும் திறக்க விடுவதையும் பொதுவெளியில் சொன்னார். சாவிகளை எல்லாம் ஒப்படைத்துவிட்ட நேர்மையான விற்பனை அது. செயலியில் இருந்த சாவியை யாரும் எண்ணவில்லை. அதனால் பணம் கொடுக்கும் முன், விற்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் கணக்கிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதைத் திரையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காகிதத்தில் ஒரு வரி

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 என்று ஆர்.டி.ஓ. கேட்கிறது. சேசிஸ் எண், இன்ஜின் எண், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சாவிக்கு இடம் இல்லை. ஆனால் வண்டி திருடு போய் இழப்பீடு கேட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆரோடு எல்லா ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். ஒன்று குறைந்தால், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்ற சந்தேகம் உங்கள் மேல் விழும். முதல் ஓனர் தொலைத்த சாவிக்கு மூன்றாவது ஓனர் விளக்கம் சொல்லும் நிலை வரும்.

ஆகவே டெலிவரி நோட்டில் நீங்களே எழுதுங்கள்: எத்தனை சாவி பெற்றுக்கொண்டேன், அவற்றில் எது ரிமோட், எது வெறும் சாவி, சாவி எண் தகடு உண்டா, அலாரம் யார் பொருத்தியது, சாவி ஏதும் தொலைந்திருந்தால் எப்போது. விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சாவிதான் உண்டு என்றால், புதுச் சாவி வெட்டி அறிமுகப்படுத்தும் செலவைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு, அதை விலையில் கழியுங்கள். பேரத்தில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. டயர் தேய்ந்திருந்தால் விலை குறைப்பதை எல்லாரும் ஏற்கிறார்கள். வண்டி யாருக்குக் கட்டுப்படும் என்பதைத் தீர்மானிக்கும் பொருளுக்கு அதைவிட அதிக மதிப்பு உண்டு. வாங்கியவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த வண்டி கிளம்பக் கூடாது. அது உறுதியாகும்வரை விற்பனை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.